கேபிளா, டிஷ்ஷா? – சென்னை மொட்டை மாடிகளின் ஐம்பது ஆண்டுகள்

இந்த இதழில் லிஃப்ட் வந்த கதையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகிறது. காரணம், வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் ஆறாவது பொருள். நம் மூன்று பிளாக்குகளுக்கும் இணைப்புக் கொடுக்கும் கேபிள் ஆபரேட்டருடன் சங்கம் போட்ட ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்கலாம், சங்கமே மாடியில் ஒரு பொது டிஷ் வைத்து எல்லா வீட்டுக்கும் வயர் இழுக்கலாம், அவரவர் பாடு என்றும் விட்டுவிடலாம். எதுவென்று முடிவு செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். "இந்தக் காலத்தில் யார் சார் கேபிள் பார்க்கிறார்கள்?" என்று ஒருவர். "எங்கள் அம்மாவுக்கு ராத்திரி சீரியல் ஒரு நாள் நின்றால் வீட்டில் சோறு கிடைக்காது" என்று இன்னொருவர். இரண்டும் உண்மைதான். இப்போது நடக்கும் சண்டை புதிதல்ல, இந்த ஊரில் இதற்கு முன்பும் நடந்திருக்கிறது, அதை எழுதிக்கொடுங்கள் என்றார் செயலாளர். எழுதியிருக்கிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஒரே நிலையம், கறுப்பு வெள்ளைப் படம், மாலையில் சில மணி நேரம். எதைத் தேர்ந்தெடுப்பது என்ற தொல்லையே கிடையாது. சாலிடேர், டயனோரா என்று நம் ஊரிலேயே செய்த பெட்டிகள் மரக் கதவும் பூட்டுமாக வந்தன. மொட்டை மாடியில் மீன்முள் மாதிரி ஒரு அலுமினிய ஆன்டெனா. அதிலிருந்து ஒரு தட்டை வயர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்கும். காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும். காக்கை உட்கார்ந்தால் படம் ஆடும். ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று "வருது, வருது... போச்சு!" என்று கத்த வேண்டும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலைப் படம் என்றால் டிவி உள்ள வீட்டுக்கூடம் சிறு கொட்டகையாகிவிடும். வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணினால் எத்தனை வீட்டுக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

தேர்வு என்ற ஒன்று முதலில் வந்தது கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த நாட்டின் உயரமான மலையான பிதுருதலாகலவில் அதன் கோபுரம். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரங்களில் அது தெளிவாகவே கிடைத்தது. மற்ற இடங்களில் ஆன்டெனாவை இன்னும் உயரமான குழாயில் ஏற்றி, பூஸ்டர் என்ற சிறு பெட்டியைச் சேர்த்து, தெற்கே திருப்பிவைத்துக் காத்திருந்தார்கள். கடல் மேல் காற்று அடங்கிய புழுக்கமான இரவுகளில் படம் பளிச்சென்று விழும், மறுநாள் புள்ளிமழைதான். கிரிக்கெட்டுக்காக இந்தப் பாடு பட்டவர்கள் நம் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். அதே 1982-இல்தான் நம் தூர்தர்ஷனும் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக வண்ணத்துக்கு மாறியது.

இனி கேபிள். இது நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி, ஏனென்றால் இந்தியாவில் கேபிள் டிவி பிறந்ததே அடுக்குமாடிக் கட்டடத்தில்தான். அமெரிக்காவில் 1940-களின் கடைசியில் மலை மறைத்த சிற்றூர்களுக்காக, மேட்டில் ஒரு பெரிய ஆன்டெனா வைத்து வீடுகளுக்கு வயர் இழுத்தார்கள். அங்கே அது சிக்னல் கிடைக்காதவர்களுக்கான ஏற்பாடு. இங்கே காரணம் வேறு. 1980-களின் நடுவில் பம்பாயின் உயரமான குடியிருப்புகளில், கீழ்த்தளத்தில் ஒருவர் வீடியோ பிளேயரை வைத்துக்கொண்டு, மாடிப்படி ஓரமாக எல்லா வீட்டுக்கும் வயர் இழுத்து, தினமும் இரண்டு மூன்று படம் போட்டார். மாதச் சந்தா வாங்கினார். ஒரே படிக்கட்டைச் சுற்றி நிறைய வீடுகள் இருப்பதால் வயர் செலவு குறைவு. அடுக்குமாடியில்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும். சென்னைக்கும் இது சீக்கிரமே வந்தது. வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவர்களில் பலர் அப்படித்தான் கேபிள்காரர் ஆனார்கள்.

பிறகு 1991. ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது பாக்தாத் வானத்தில் குண்டு வெடிப்பதை சி.என்.என். நேரலையாகக் காட்டியது. பெரிய ஓட்டல்களில் டிஷ் வைத்து அதைப் பார்த்தவர்கள் வெளியே வந்து பேசிய பேச்சு ஊரெல்லாம் பரவியது. அந்த ஆண்டே ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி, ஆசியாசாட்-1 செயற்கைக்கோள் வழியாக ஐந்து சேனல்களைக் கொட்ட ஆரம்பித்தது. வீடியோ பிளேயர் வைத்திருந்த அதே கேபிள்காரர் மாடியில் ஒரு பெரிய கம்பிவலைக் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் நிறுத்தினார். அந்தக் கிண்ணம் ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் யாராலும் வாங்க முடியாது. தெருவுக்கே ஒன்று என்றால் ஆளுக்கு மாதம் சில பத்து ரூபாய்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேபிள் என்பதும் டிஷ் என்பதும் ஏதோ எதிரெதிர் சாதி மாதிரி நாம் பேசுகிறோம். இரண்டுக்கும் சேனல் வருவது அதே வானத்திலிருந்துதான், தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து. கேபிளில் அந்தக் கிண்ணம் ஆபரேட்டரின் கட்டுப்பாட்டறையில் இருக்கிறது; டி.டி.எச்.சில் நம் மாடியில் இருக்கிறது. கிண்ணம் யாருடையது, அங்கிருந்து நம் டிவி வரை வரும் வயர் யாருடையது என்பதுதான் வித்தியாசம். ஐம்பது ஆண்டுச் சண்டையும் அதைப் பற்றித்தான்.

1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று, ஏப்ரல் 14-இல், சன் டிவி தொடங்கியது. அடுத்த ஆண்டு ராஜ் டிவி. ஸ்டார் டிவிக்காக கேபிள் போட்ட வீடுகள் கொஞ்சம்தான். தமிழில் சேனல் வந்த பிறகு போட்ட வீடுகள்தான் மிச்சமெல்லாம். மரத்திலிருந்து மரத்துக்கும் விளக்குக் கம்பத்திலிருந்து பால்கனிக்கும் கறுப்பு வயர்கள் ஓடின. ரோட்டைத் தாண்டி வயர் இழுப்பது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் வருமா வராதா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே, ஊர் முழுக்க வயர் ஓடி முடிந்துவிட்டது. 1994-இல் அவசரச் சட்டமும் 1995-இல் கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தன. கேபிள் ஆபரேட்டர் அப்போது எங்கே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது தெரியுமா? தலைமைத் தபால் நிலையத்தில். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதே 1995 பிப்ரவரியில்தான், கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலைகள் மக்களுடையவை. வயர் மட்டும் கேபிள்காரருடையது!

பல குடியிருப்புகளில் அன்று நடந்த ஏற்பாடு இதுதான்: ஆபரேட்டர் மாடியில் இடமும் படிக்கட்டு ஓரமாக வயர் இழுக்க அனுமதியும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு சங்க அலுவலகத்துக்கும் காவலாளி அறைக்கும் இலவச இணைப்புக் கொடுத்தார். எழுத்தில் எதுவும் இல்லை. அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தெருவுக்கு ஒரு ஆபரேட்டர்தான். அவரைப் பிடிக்கவில்லை என்றால் பக்கத்துத் தெருக்காரரிடம் இணைப்புக் கேட்க முடியாது, எல்லை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தனியுரிமைக்குள் இரண்டு பொய்கள் வளர்ந்தன. ஆபரேட்டர் தன்னிடம் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று மேலே குறைத்துச் சொன்னார். அது தெரிந்தே, கட்டணச் சேனல்கள் தங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போயின. நடுவில் இருந்த நமக்கு, எந்தச் சேனலுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதே தெரியாது. மாதம் ஒரு தொகை, கையெழுத்துப் போட்ட ஒரு அட்டை. அனலாக் வயரில் இடமும் குறைவு. பழைய டிவிப் பெட்டிகளில் முதல் சில எண்களில் வரும் சேனல்தான் தெளிவாகத் தெரியும் என்பதால், அந்த இடத்துக்காக சேனல்களே ஆபரேட்டர் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்த விந்தையும் நடந்தது.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் 'காஸ்' என்று நாம் சொன்ன நிபந்தனை அணுகல் முறை. 2002 இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கட்டணச் சேனல் வேண்டும் என்றால் செட்-டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் குறைந்தது 30 இலவசச் சேனல்கள் 72 ரூபாய்க்கும் வரிக்கும் கிடைக்கும். நான்கு பெருநகரங்களில் கொண்டுவருவதாகத் திட்டம். டில்லியில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மும்பையும் கொல்கத்தாவும் தயங்கின. கடைசியில் 2003 செப்டம்பர் 1 அன்று அதை நடைமுறைப்படுத்திய ஒரே ஊர் சென்னைதான். நாட்டுக்கே நாம் சோதனை எலி.

அந்த செப்டம்பர் முதல் வாரம் நினைவிருக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். காலையில் எழுந்து டிவி போட்டால் விளையாட்டுச் சேனல் இல்லை, ஆங்கிலப் படச் சேனல் இல்லை, குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் இல்லை. பெட்டி வாங்கினால் எல்லாம் வரும். ஆனால் பெட்டிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதற்கு மேல் மாதச் சந்தா வேறு. பெரும்பாலான வீடுகள் என்ன செய்தன? ஒன்றும் செய்யவில்லை. பெட்டி வாங்கவில்லை. இலவசத் தமிழ்ச் சேனல்களை 72 ரூபாய்க்குப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டன. "பையனுக்குப் பரீட்சை, கார்ட்டூன் போனது நல்லதாப் போச்சு" என்று சொன்ன தாய்மார்கள் உண்டு. தில்லியில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்தது, மக்கள் தேர்ந்தெடுத்து வாங்குவார்கள் என்று. சென்னை, வாங்காமல் இருப்பதையும் ஒரு தேர்வாகக் காட்டியது. என்னைக் கேட்டால், இந்த ஐம்பது ஆண்டில் பார்வையாளர் தாமாக முடிவெடுத்த ஒரே சமயம் அதுதான். மற்ற மூன்று நகரங்களின் சில பகுதிகளுக்கு அந்த முறை போனது 2006 இறுதியில், அதுவும் நீதிமன்றம் சொன்ன பிறகு. அப்போது இலவசத் தொகுப்பு 77 ரூபாய், கட்டணச் சேனல் ஒவ்வொன்றும் 5 ரூபாய் என்று டிராய் உச்சவரம்பு வைத்தது.

சென்னையில் காஸ் வந்த அடுத்த மாதம், 2003 அக்டோபரில், இந்தியாவின் முதல் டி.டி.எச். சேவையான டிஷ் டிவி தொடங்கியது. அது இன்னும் ஆறேழு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டியது. ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனம் தயாராகவே இருந்தது. 1997-இல் மத்திய அரசு, 4,800 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையில் டிவி பெறும் கருவிகளுக்குத் தடை போட்டது. சிறிய டிஷ் வேலை செய்வது 11, 12 கிகாஹெர்ட்ஸில். ஆகவே தடை என்றால் சிறிய டிஷ்ஷுக்குத் தடை என்றே பொருள். 2000 நவம்பரில் கதவு திறந்தது, நிபந்தனைகளோடு. கேபிள் நிறுவனமோ ஒளிபரப்பு நிறுவனமோ டி.டி.எச். நிறுவனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. வயரையும் கிண்ணத்தையும் ஒரே கை பிடித்துக்கொண்டால் போட்டி ஏது என்ற நியாயமான பயம். எந்த நிறுவனத்தின் பெட்டியும் இன்னொரு நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற எண்ணமும் அந்த விதிகளில் இருந்தது. அது காகிதத்தோடு நின்றுவிட்டது. நிறுவனம் மாறினால் பெட்டி மாற வேண்டும் என்பதுதான் இன்றும் நிலை. 2020-இல் டிராய் மறுபடி பரிந்துரைத்தும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. உங்கள் பரணில் எத்தனை பழைய பெட்டிகள் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச்., 2006-இல் டாடா ஸ்கை, 2008 தொடக்கத்தில் சன் டைரக்ட், அந்த ஆண்டே ஏர்டெல் என்று வரிசையாக வந்தன. தூர்தர்ஷன் சேவைக்கு மாதச் சந்தாவே கிடையாது. வட இந்தியாவில் அது கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போனது. நம் வீடுகள் பார்க்கும் பெரிய தமிழ்ச் சேனல்கள் அதில் இல்லாததால் இங்கே வேரூன்றவில்லை.

அடுக்குமாடிக்காரர்களுக்கு டி.டி.எச். ஒரு புதிய பூகோளப் பாடம் எடுத்தது. நாம் இருப்பது 80 டிகிரி கிழக்கு. நாம் பயன்படுத்தும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, 83 டிகிரியிலிருந்து 108 டிகிரி கிழக்கு வரை நிற்கின்றன. ஆகவே சென்னையில் எந்த டிஷ்ஷும் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில்தான் பார்க்கும். 83 டிகிரிக்கு வைத்தது ஏறக்குறைய நேர் தெற்கு, 93.5 டிகிரிக்கு வைத்தது தென்கிழக்கு. திசை தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டால் மாடிகளைப் பார்த்தாலே போதும். ஏ பிளாக்கில் தெற்குப் பார்த்த பால்கனி உள்ளவர்கள் கம்பியிலேயே டிஷ் மாட்டிக்கொள்ளலாம். சி பிளாக்கில் வடக்குப் பார்த்த பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் மாடிக்குத்தான் போக வேண்டும். 'அவரவர் விருப்பம்' என்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். அந்த விருப்பம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை.

கோணமும் செங்குத்தானது. 93.5 டிகிரிச் செயற்கைக்கோள் இங்கிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கிறது. எதிரே புதிதாக எழும்பும் கட்டடம் நம் சிக்னலை மறைத்துவிடும் என்ற பயம் வேண்டாம். மறைக்கக்கூடியது நம்முடைய சொந்தத் தண்ணீர்த் தொட்டிதான்.

மழைக் கதை எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி அடைமழையில் டிஷ் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். 12 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கனமழை விழுங்கிவிடுகிறது. கேபிள் கட்டுப்பாட்டறையின் பெரிய கிண்ணங்கள் 4 கிகாஹெர்ட்ஸ் அருகில் வேலை செய்கின்றன. அந்த அலைக்கு மழை பெரிய பொருட்டல்ல. அதனால் கேபிள் மழைக்குத் தாங்கும் என்று சொன்னால், காற்றுக்குத் தாங்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்தபோது, மரங்களோடு கேபிளும் சாய்ந்தது. டிஷ்களும் தப்பவில்லை. பெயர்ந்து பறக்காதவை பூப்போல முகம் திருப்பிக்கொண்டு நின்றன. மார்ச்சிலும் அக்டோபரிலும் சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சில நிமிடம் படம் போவது இரண்டு முறைக்கும் பொது.

வானமே கைவிட்டதும் ஒரு முறை நடந்தது. 2007-இல் ஏவப்பட்ட இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகட்டில் 2010 ஜூலை 7 அன்று மின்கோளாறு ஏற்பட்டு, அதன் கருவிகளில் பாதியை அணைக்க வேண்டி வந்தது. சன் டைரக்ட்டும் தூர்தர்ஷன் சேவையும் அதில்தான் இருந்தன. சன் டைரக்ட் தன் சேனல்களை 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3க்கு மாற்றியது. வெறும் இரண்டு டிகிரி. ஆனால் அறுபது சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அவ்வளவு குறுகியது. மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒரு இழை மேற்கே திருப்ப வேண்டியிருந்தது. மேகக் கூட்டமில்லாத ஜூலையில் 'ஏன் சார் சிக்னல் இல்லை?' என்று எல்லா மாடியிலும் கேட்ட கேள்விக்குப் பதில், 36,000 கிலோமீட்டர் மேலே இருந்தது.

இடையில் அரசாங்கமும் வயர் இழுக்க வந்தது. நம் சங்க இதழில் அரசியல் கூடாது என்பது விதி. ஆகவே தேதிகளை மட்டும் சொல்கிறேன். பெரிய கேபிள் வலையமைப்புகளை அரசே எடுத்துக்கொள்ளும் மசோதா 2006-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது, சட்டமாகவில்லை. 2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் பதிவானது. 2011 செப்டம்பரில் அது புத்துயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று அறிவித்தது. அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, மீதி ஆபரேட்டருக்கு. சென்னைக்கு வர மேலும் ஓராண்டு ஆனது. இதில் யார் யாரை எதற்காக எதிர்த்தார்கள் என்பதைக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது பேசிக்கொள்ளலாம். எந்த ஆட்சி வந்தாலும் கேபிள் யாருடையது என்பது முதல் கேள்விகளில் ஒன்றாக இருந்திருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பிறகு டிஜிட்டல் கட்டாயமானது. பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு. சென்னையில் வழக்கு நடந்ததால் பழைய அனலாக் இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017-இல்தான். 2003-இல் பெட்டி வேண்டாம் என்று சொல்ல முடிந்த சென்னைக்கு இந்த முறை அந்த வசதி இல்லை. பெட்டி இல்லையென்றால் எதுவுமே தெரியாது.

2019 பிப்ரவரி 1 முதல் டிராயின் புதிய கட்டண முறை. நூறு சேனல் வரை இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம். கேபிளுக்கும் டி.டி.எச்.சுக்கும் ஒரே விதி, ஒரே சேனல் விலை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஒரு தொகுப்பில் சேர்க்கும் சேனலின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். பெரிய தமிழ்ச் சேனல்களில் சில அந்த 19 ரூபாயிலேயே போய் உட்கார்ந்துகொண்டன. தனித்தனியாக எடுத்தால் கூடுதல், தொகுப்பாக எடுத்தால் மலிவு என்று கணக்குப் போட்டு வைத்ததால் எல்லோரும் பழையபடி தொகுப்புக்கே போனார்கள். அந்த மாதம் நம் ஆபரேட்டரின் பையன் கொடுத்த சேனல் பட்டியலை வைத்துக்கொண்டு, பேனாவால் டிக் அடித்து, கால்குலேட்டரில் கூட்டி, கடைசியில் "நீயே ஏதாவது போட்டு விடுப்பா" என்று திருப்பிக் கொடுத்த வீடுகள் எத்தனை என்று அவனைத்தான் கேட்க வேண்டும். பின்னர் 130 ரூபாய்க்கே 200 சேனல் என்றானது. 2024 ஜூலையில் அந்த இணைப்புக் கட்டண வரம்பையே எடுத்துவிட்டார்கள். ஆகவே நம் புதிய ஒப்பந்தத்தில் தொகையை எழுதி வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. சட்டம் இனி நமக்காக அதைச் செய்யாது.

இளைஞர்கள் சொல்வதும் சரிதான். கண்ணாடி இழை இணையம் வந்த பிறகு பல வீடுகளில் கேபிளும் இல்லை, டிஷ்ஷும் இல்லை. சந்தா எல்லாம் செயலிகளுக்குப் போகிறது. ஆனால் அந்தக் கண்ணாடி இழை எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்று பாருங்கள். அதே படிக்கட்டு ஓரம், அதே குழாய், பல இடங்களில் அதே கேபிள்காரர். வீடியோ பிளேயரில் தொடங்கியவர் இன்று பிராட்பேண்ட் விற்கிறார்.

என் கருத்தைக் கேட்டார்கள், சொல்கிறேன். நம் குடியிருப்பில் கேபிளையே நம்பியிருப்பவர்கள் பெரும்பாலும் தனியாக இருக்கும் பெரியவர்கள். அவர்களுக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். கேபிள் தம்பி பத்து நிமிடத்தில் வந்து, ரிமோட்டுக்கு பேட்டரியும் போட்டுவிட்டுப் போகிறான். டி.டி.எச். நிறுவனத்தின் உதவி எண்ணில் 'தமிழுக்கு இரண்டை அழுத்தவும்' என்று கேட்டுக்கொண்டு நிற்க அவர்களால் முடியாது. பொது டிஷ் வைத்தால் எல்லோரும் ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அந்த நிறுவனத்துக்கும் ஒரு சேனலுக்கும் தகராறு வந்தால் நாற்பத்தெட்டு வீட்டிலும் அந்தச் சேனல் இருண்டுவிடும். ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம், ஒரு நிபந்தனையோடு. படிக்கட்டு ஓரக் குழாய்களும் மாடியிலிருந்து ஒவ்வொரு வீடு வரை போகும் வயரும் இனி சங்கத்தின் செலவில், சங்கத்தின் சொத்தாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வயரும் ஒரு கண்ணாடி இழைக்கு இடமும். மேல் முனையில் யார் இணைப்பது என்பதை அந்தந்த வீட்டுக்காரர் தீர்மானிக்கட்டும். சி பிளாக் வடக்கு வீடுகளுக்கும் அப்போதுதான் ஏ பிளாக்குக்கு இருக்கும் வசதி கிடைக்கும். வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்ற மூன்று மதிப்பீடுகளைப் பொருளாளர் கூட்டத்தில் வைப்பார். தொகை சிறியதல்ல, லிஃப்ட் நிதியிலிருந்து எடுக்கக் கூடாது என்ற எதிர்ப்பும் இருக்கிறது. அதையும் கேட்டுத்தான் கை தூக்க வேண்டும்.

ஒரு கடைசி வேண்டுகோள். சென்ற மாதம் நீர்க்கசிவுப் பணிக்காக மாடியை அளந்தபோது மூன்று பிளாக்கிலும் சேர்த்து 31 டிஷ்கள் எண்ணப்பட்டன. அவற்றில் வயர் இணைப்பு இருப்பவை 14 மட்டுமே. மீதி பதினேழும் காலி செய்துபோன வாடகைக்காரர்கள் விட்டுச் சென்றவை. ஒவ்வொன்றின் அடியிலும் தளத்தில் துளையிட்டு அடித்த நான்கு ஆணிகள், அந்த ஆணிகள் வழியாகத்தான் ஐந்தாம் மாடியில் ஒழுகுகிறது. உங்களுடைய டிஷ் உபயோகத்தில் இருந்தால், கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குள் அதன் தண்டில் வீட்டு எண்ணைப் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். பெயின்ட் டப்பாவும் தூரிகையும் காவலாளி அறையில் இருக்கின்றன. எண் இல்லாதவை திங்கட்கிழமை இறக்கப்படும்.